கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வாங்கு கிடக்கிறது. நாலு பேர் தாராளமாக இருக்கலாம். அதை அசைப்பதற்கும் நாலு பேர் வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் பலகையைத் தடவிப் பார்த்து, "இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். மரத்தின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு நுனியிலும் விரல் நுழையும் அளவில் துவாரங்கள் இருக்கின்றன. துவாரத்தின் விளிம்பைச் சுற்றி இரும்புத் துரு ஊறிக் கறுத்துப்போன வளையம். வெயில் ஏறிய மத்தியானங்களில் கிட்டப் போனால் மெல்லிய தார் மணம் இன்னும் எழும்பும். அந்த மணம் மூக்கில் பட்டதும் எனக்குப் பத்து வயதாகிவிடும்.

1990 ஜூன் மாதம் சண்டை தொடங்கியதும் மாவிட்டபுரத்தில் இருந்து வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பி விடலாம் என்ற நம்பிக்கையில் அம்மா அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளாமல் வந்தார். அப்பாச்சியின் தேக்கங் கட்டில், அப்பு படுத்தே பேப்பர் வாசித்த சாய்மனைக் கதிரை, கண்ணாடி வைத்த அலுமாரி, அடித்தட்டில் எங்கள் பிறந்த குறிப்புகள் வைத்திருந்த பெட்டகம், எல்லாவற்றையும் வீட்டோடு பூட்டித் திறப்பை அம்மா சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சு எத்தனை வருசம் இருந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இணுவிலில் உறவினர் ஒருவரின் வெறும் வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. வெறும் வீடு என்றால் உண்மையாகவே வெறும் வீடு. நிலத்தில் இருந்து சாப்பிட்டு, நிலத்தில் பாய் விரித்துப் படுத்தோம். அம்மா தேங்காய்ப் பாதியைக் கூட நிலத்தில்தான் வைக்க வேண்டியிருந்தது. இரவில் எறும்பு மொய்த்துவிடும்.

அப்பா தச்சு வேலை தெரிந்தவர் இல்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கணக்கு எழுதினவர். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை அந்த ஜூனோடு ஓய்ந்துபோனது. அப்பாவின் வலது கையில் நடுவிரல் ஓரத்தில் பேனை அழுத்திய காய்ப்பு ஒன்று இருக்கும். அந்த ஒரு காய்ப்பைத் தவிர அந்தக் கையில் வேறு தழும்பு கிடையாது. வேலை போன பிறகு முதல் ஒரு மாதம் அவர் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தார். அது எனக்கு நல்ல ஞாபகம்.

அப்போது மின்சாரம் நின்றுவிட்டது. றெயில் நின்றுவிட்டது. சீமெந்து, இரும்பு, பற்றரி என்று தடைசெய்த சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெயை மருந்து மாதிரி அளந்து வாங்கினோம். கடையில் போய் ஒரு இறாத்தல் ஆணி கேட்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டுத் தளபாடத்தின் கதை ஆணி பொறுக்குவதில் இருந்துதான் தொடங்குகிறது.

நானும் தம்பியும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவோம். பிரிந்த வேலி, கழற்றிய கூரை, விறகாய்ப் போன பழைய பெட்டி, எங்கே ஆணி துருத்திக்கொண்டு நிற்கிறதோ அங்கே நிற்போம். கேட்டுவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். அது அப்பாவின் கட்டளை. பிடுங்கியதைப் பால்மா ரின் ஒன்றில் போட்டுக்கொண்டு வந்தால், பின்வளவில் உடைந்த அம்மிக்கல் ஒன்று இருக்கும். அதுதான் எங்கள் பட்டறை.

ஆணி நிமிர்த்துவது லேசான வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். வளைந்த ஆணியைக் கல்லில் படுக்கவைத்து, கூனல் மேலே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். முதல் அடி கூனலின் உச்சியில் விழக்கூடாது. உச்சிக்குச் சற்று இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம், கடைசியில்தான் உச்சி. அவசரப்பட்டு உச்சியில் ஓங்கிப் போட்டால் வேறோர் இடத்தில் புதிதாக ஒரு கூனல் விழும், அல்லது துருப்பிடித்த கழுத்தில் முறிந்துவிடும். அடித்தபின் கல்லில் உருட்டிப் பார்க்க வேண்டும். துள்ளாமல் உருண்டால் நேராகிவிட்டது. நான் கோபத்தில் ஓங்கி அடிப்பதைப் பார்த்து ஒருநாள் அப்பா சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை, அது ஏற்கெனவே ஒருக்கா அடிவாங்கி வளைஞ்சது. ஆறுதலாத் தட்டு."

ஒரு பின்னேரத்தில் இருபது ஆணி நிமிர்த்தினால் பெரிய காரியம். நீளம் பார்த்துப் பிரித்து, இலுப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து ரின்னில் போடுவேன். ரின்னின் வெளியே அப்பா எண்ணிக்கையை எழுதிவைப்பார். கணக்கர் அல்லவா.

சுத்தியல் சத்தத்தில் ஒரு ஆபத்தும் இருந்தது. அடிக்கிற நேரம் பொம்மர் வருகிற இரைச்சல் காதில் விழாது. அதனால் அப்பா ஆணி அடிக்கும்போதெல்லாம் அம்மா முற்றத்தில் முருங்கைக்குக் கீழே காது கொடுத்து நிற்பார். அம்மா கையைத் தூக்கினால் சுத்தியல் நிற்கும். நாங்கள் பங்கருக்குள் ஓடுவோம். எங்கள் வீட்டில் செய்த ஒவ்வொரு கதிரைக்கும் ஸ்ரூலுக்கும் அப்படி ஒருவர் வானத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

வேலை பழக்கியவர் அடுத்த ஒழுங்கையில் இருந்த மாஸ்ரர். பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாள், சீவுளி, மூன்று உளி, ஒரு துறப்பணம் இவற்றை மட்டும் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அவர் அப்பாவுக்குச் சொன்ன முதல் பாடம் ஆணியை மறக்கச் சொல்வது. மரத்தை மரம் பிடிக்கட்டும் என்பார். ஒரு கட்டையில் துளை எடுத்து, மற்றக் கட்டையில் கழுந்து செதுக்கி, உள்ளே இறுகச் செலுத்தி, குறுக்கே ஒரு மரமுளை அடித்துவிட்டால் ஆணி இல்லாமலே நிற்கும். அப்பாவின் முதல் கழுந்து துளைக்குள் கிடந்து ஆடியது. இரண்டாவது துளையையே பிளந்தது. அப்பா அவற்றை எறியவில்லை. அடுப்புக்கும் கொடுக்கவில்லை. தம்பிக்கு விளையாட்டு வண்டி ஆனது.

முதலில் உருப்படியாக வந்தது தேயிலைப் பெட்டியில் செய்த புத்தகத் தட்டு. அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். மெல்லிய ஒட்டுப்பலகை ஆறு, ஓரங்களுக்குத் தகரப் பட்டி, உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள். பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் நிறையும் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். பிறகு தேயிலை காகிதச் சாக்குக்கு மாறிவிட்டது. இப்போது அந்தப் பெட்டி கண்ணில் படுவது அபூர்வம். சங்கக்கடையில் இருந்து இரண்டு பெட்டி கிடைத்தது. அப்பா ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, நடுவில் தட்டுகள் கொடுத்தார். மாஸ்ரர் வெள்ளித்தாளைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று அன்றிரவு தெரிந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த சிக்கன விளக்கை மேல்தட்டில் வைத்தார். வெள்ளித்தாள் அந்தச் சிறு சுடரை வாங்கி அறை முழுக்கக் கொடுத்தது. ஒரு விளக்குக்கு எண்ணெய் விட்டு இரண்டு விளக்கு வெளிச்சத்தில் படித்தோம். என் சமய பாடப் புத்தகத்தில் தேயிலை மணம் வெகுகாலம் இருந்தது.

அடுத்தது மேசை. மேசை என்றால் ஒரு கதவு.

வடக்கு ஒழுங்கையில் ஓர் ஆச்சியின் வீட்டில் குண்டு விழுந்தது. ஆச்சி அன்று கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார். சுவர் சரிந்து, ஓடு தூளாகி, வாசற்கதவு மட்டும் நிலையோடு பெயர்ந்து முற்றத்தில் மல்லாந்து கிடந்தது. வன்னி முதிரைக் கதவு. ஆச்சி மகள் வீட்டுக்குப் போகும்போது அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, இதை மழையில விடாதை. உன்ர பிள்ளையளுக்கு ஏதும் செய்து குடு" என்றார். கதவில் பாதியை வெட்டச் சொல்லி மாஸ்ரர் கேட்டபோது அப்பா மறுத்தார். முழுக் கதவும் அப்படியே மேசைப்பலகை ஆனது. பிணைச்சல் இருந்த பள்ளங்கள் ஒரு விளிம்பில் அப்படியே இருந்தன. நாதாங்கி உரசி உரசித் தேய்ந்த ஒரு பிறைவடிவத் தடம் இருந்தது. பூட்டுத் துவாரம் சரியாக நான் இருக்கும் இடத்துக்கு முன்னால் வந்தது. பேனையை அதில் நிறுத்திவைப்பேன். தம்பி மேசைக்குக் கீழே போய் அந்தத் துவாரத்தால் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மேசை முடிந்த அன்று அப்பா அதைக் கவிழ்த்துப்போட்டு, தட்டையான தச்சுப் பென்சிலால் அடிப்பக்கத்தில் எழுதினார். சீமெந்துத் தொழிற்சாலைப் பேரேட்டில் எழுதுகிற அதே சாய்வான எழுத்து.

"வரவு: முதிரைக் கதவு 1. வடக்கு ஒழுங்கை ஆச்சி வீடு. கேட்டால் கொடுக்கவேண்டும்."

கீழே திகதி. அதன் கீழே அவருடைய சுருக்கொப்பம்.

தேயிலைப் பெட்டிக்கும் எழுதினார். அதன்பிறகு எல்லாவற்றுக்கும் எழுதினார். "ஏனப்பா எழுதுறீங்கள், ஆர் பார்க்கப்போயினம்?" என்று கேட்டேன். "கணக்கு இல்லாட்டி அது களவு, பிள்ளை" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. இதை எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். மாவிட்டபுரத்தில் எங்கள் அலுமாரியையும் சாய்மனைக் கதிரையையும் யாராவது எடுத்திருந்தால் அவரும் இப்படி ஒரு வரி எழுதிவைத்திருப்பார் என்று அப்பா நம்பியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுதுகிற நேரம் அவர் முகத்தில் அது இருந்தது.

கட்டில் பனையில் செய்தது. ஷெல் பட்டுத் தலை போன பனைகள் அப்போது ஊரெங்கும் மொட்டையாக நின்றன. தலை போனால் பனை பிழைக்காது. பனையின் பலமெல்லாம் வெளிப்புறத்தில். கறுத்த நாரோடிய வைரம், உள்ளுக்குள் வெறும் சோத்தி. வைரப் பக்கத்தை மட்டும் நாலு சட்டமாக எடுத்தார்கள். பனையில் வேலை செய்கிறவர் கையில் சிலாம்பு ஏறாமல் தப்ப முடியாது. ஊசிக்கும் மெல்லிசு, கறுப்பு, ஏறினால் உள்ளே உடைந்து நின்றுவிடும். இரவில் அம்மா விளக்குக்கு முன்னால் அப்பாவின் கையை மடியில் வைத்து, ஊசியைச் சுடரில் காட்டிக் காட்டித் தோண்டி எடுப்பார். ஒருநாள் பேனைக் காய்ப்புக்குள்ளேயே ஒரு சிலாம்பு. அம்மா அந்தக் காய்ப்பைக் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அப்பா சத்தம் போடவில்லை. எடுத்துப்போட்ட சிலாம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தக் காய்ப்பு அந்த இடத்தில் வளரவில்லை. உள்ளங்கையில் வேறு நாலு வந்தன.

சட்டத்துக்குக் குறுக்கே பின்னியது சைக்கிள் ரியூப். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இனி ஒட்ட இடமில்லை என்று கைவிட்ட ரியூப்புகளை விரலகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டினால் ஒரே நாடாவாக வரும். நீட்டி இழுத்துப் பின்னினால் நல்ல மெத்தென்று இருக்கும். வெய்யிலுக்கு ரப்பர் முதுகில் ஒட்டும். மேலே பாய் போட்டுக்கொண்டோம். அப்பாச்சி ஒரு வருசத்துக்குப் பிறகு நிலத்தை விட்டு உயரத்தில் படுத்தது அந்தக் கட்டிலில்தான். படுத்தவுடன் கையால் இரண்டு பக்கமும் தடவி, "விழமாட்டன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

உப்புத்தாள் கிடையாது. பராய் இலை இருந்தது. சொரசொரப்பான இலை. கைநிறையப் பிடுங்கி வந்து மரநார் ஓடும் திசையில் தேய்ப்போம். பத்து இலைக்கு ஒரு சாண் இடம் மினுங்கும். பிறகு இலுப்பெண்ணெய். ஆணித் துவாரம், வெடிப்பு எல்லாவற்றையும் வேப்பம் பிசினில் மரத்தூள் குழைத்து அடைத்தோம். ஆச்சியின் கதவில் பூட்டுத் துவாரத்தை அடைக்க மட்டும் அப்பா விடவில்லை.

எங்கள் தளபாடங்களின் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அவர்களின் ஆட்சி போய்விட்டது. சொற்களை எங்கள் சனங்கள் எடுத்து, செதுக்கி, தமிழுக்குள் இறுகச் செலுத்தி வைத்துக்கொண்டார்கள். மாஸ்ரரின் கழுந்து மாதிரி. இப்போது பிரித்தெடுக்க முடியாது.

இனி வாங்குக்கு வருகிறேன்.

யாழ்தேவி றெயில் நின்றபிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் கல்லும் புல்லும்தான். 1993 மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பங்கருக்குள் வெள்ளம் நின்று மண் சரிந்தது. அந்த வீட்டார் மூடிவிட்டு வேறிடத்தில் வெட்டினார்கள். மிஞ்சிய சிலிப்பர் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதைக் கொண்டுவர மாட்டுவண்டில் பிடித்தோம். எண்ணெய் குடித்துக் குடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. சீவுளி போட்ட இடத்தில் உள்ளே தேன் நிறம். மாஸ்ரர் முகர்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், இன்ன மரமென்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அதை நீளவாட்டில் இரண்டாகக் கிழிக்க மூன்று நாள் எடுத்தது. கட்டையை உயரத்தில் ஏற்றிக் கட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர், இடையில் பெரிய வாள். கீழே நின்றவர் அப்பா. மரத்தூள் முழுவதும் அவர் தலையிலும் இமையிலும். இரண்டாம் நாள் துவாரத்துக்குள் முறிந்துகிடந்த இரும்பில் வாள் பட்டு மூன்று பல்லுப் போனது. மாஸ்ரர் ஒன்றும் சொல்லாமல் அரத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்து, பின்னேரம் வரைக்கும் ஒவ்வொரு பல்லாக அராவினார். அந்தக் கீச்சிடும் சத்தத்தை இப்போது கேட்டாலும் எனக்குப் பல் கூசாது. அழுகைதான் வரும்.

இரண்டு பலகையையும் பக்கம் பக்கமாக வைத்து ஏழடி வாங்கு. துவாரங்களை வெட்டி ஒதுக்கியிருக்கலாம். அப்பா அளந்து பார்த்து, வேண்டுமென்றே உள்ளே வைத்துக்கொண்டார். எங்களை இரண்டு நுனியிலும் இருக்கவைத்து, "உங்கள் இரண்டு பேருக்கும் இடையில ஐந்தரை அடி. யாழ்தேவியின்ர இரண்டு சில்லுக்கும் இடையிலயும் அவ்வளவுதான்" என்றார். தம்பி பிறந்தபிறகு றெயில் ஏறியதில்லை. அன்றைக்கு முழுக்க அந்த வாங்கில் குப்புறப் படுத்து, துவாரத்தில் காதை வைத்துக்கொண்டு கிடந்தான்.

அதற்கும் அடிப்பக்கத்தில் எழுதினார். எழுதுவதை அன்று எங்களுக்குக் காட்டவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் செம்மணி வழியாக நாவற்குழியைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. மழை. அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்த சனம். அதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது அப்பாவின் சைக்கிளில் என்ன இருந்தது என்பதுதான். முன்னால் தம்பி. பின்னால் அரிசிச் சாக்கு. அதற்குமேல் மாஸ்ரர் கொடுத்த இரண்டு உளியும் ஆணி ரின்னும். வழியில் பலர் பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா ரின்னை விடவில்லை. மட்டுவிலில் ஒரு மாமரத்துக்குக் கீழே ஆறு மாதம் இருந்தோம். அந்த ரின்னில் இருந்து எட்டு ஆணி எடுத்து, அப்பாச்சி இருக்க ஒரு சின்னப் பலகை செய்துகொடுத்தார். அப்பாச்சியின் கடைசி ஆசனம் அதுதான்.

1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. தேயிலைப் பெட்டித் தட்டு இல்லை. கட்டில் இல்லை. ஆச்சியின் கதவு இல்லை. அம்மா அறை அறையாகப் போய்ப் பார்த்தார். அப்பா நேராக விறாந்தைக்குப் போனார். வாங்கு அங்கேயே இருந்தது. பாரம் காரணமாக யாராலும் கொண்டுபோக முடியவில்லை. ஒரு நுனியில் கோடரியால் கொத்திப் பார்த்த நாலு வெட்டு. மரம் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா அதில் இருந்து, வெட்டுக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "ஆச்சி கேட்டா என்ன சொல்லுறது?" என்று அம்மாவிடம் கேட்டார். அதுதான் அவருடைய கவலை. ஆச்சி கேட்க வரவில்லை. அப்பா மட்டும் அந்தக் கடனை வைத்துக்கொண்டேயிருந்தார்.

அப்பா 2011இல் காலமானார். எங்கள் மாவிட்டபுரம் காணி விடுபட்டது அதற்கும் பிறகு. போய்ப் பார்த்தோம். கிணறு இருந்தது. விறாந்தைச் சீமெந்தில் ஒரு துண்டு இருந்தது. அந்தத் துண்டில் நின்றுதான் அம்மா சீலை முடிச்சை அவிழ்த்தார். பூட்ட ஒரு கதவு இல்லாத இடத்தில் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பவும் முடிந்துகொண்டார்.

இப்போது எங்கள் ஊர்க் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. தூளை அழுத்திச் செய்த பலகையில் மரப்படம் ஒட்டிய அலுமாரி ஒன்றை நானும் வாங்கினேன். ஒரு மாரிக்கு அடி ஊதிப் பிளந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது, யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாத ஒரு பொருளோடு ஒரே அறையில் இருப்பது எனக்கு இன்றைக்கும் பழகவில்லை.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் றெயில் திரும்பவும் வந்தது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்ட புதுப் பாதை. சிலிப்பர் எல்லாம் கொங்கிறீற். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வளவு தள்ளித்தான் பாதை. வண்டி முதன்முதலாகக் கூவிக்கொண்டு போன அன்று தம்பி வந்திருந்தான். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நாலு பேருமாக வாங்கைக் கவிழ்த்தோம்.

வெயிலும் மழையும் படாத பக்கம். பென்சில் எழுத்து நேற்று எழுதியது போல் இருந்தது.

"வரவு: சிலிப்பர் கட்டை 1. றெயில்வேத் திணைக்களத்துக்குச் சொந்தம். வண்டி ஓடத் தொடங்கினால் பாரம் கொடுக்கவும்."

தம்பி இரண்டு தரம் வாசித்தான். நான் உள்ளே போய் ஆணி ரின்னை எடுத்து வந்தேன். அடியில், கடைசி ஏழெட்டு ஆணிகளோடு, அப்பாவின் தட்டைப் பென்சில் கிடந்தது. சுண்டுவிரல் நீளம்தான் மிச்சம். அப்பாவின் வரிக்குக் கீழே அன்றைய திகதியைப் போட்டு, "வண்டி ஓடுது அப்பா" என்று எழுதினேன். பிறகு வாங்கை நிமிர்த்தி வைத்து, எல்லாரும் அதிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தோம்.